தயாளனுக்குப் போட்டு வைத்த இடம்

என் பிரிவு உபசாரக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன், நன்றி என்றேன், உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாவது வரை பள்ளிக்கூடம், பிறகு ஐடிஐ, பிறகு அதே ஐடிஐயில் எலெக்ட்ரிஷியன் பிரிவுப் பட்டறையில் வேலை என்று என் காலம் ஒரே காம்பவுண்டுச் சுவருக்குள் முடிந்தது. வாயால் சொல்ல வேண்டியதையும் கையால் செய்துகாட்டியே ஓட்டினேன். இப்போது கண் மங்கிவிட்டதால், வயது வருவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன்.

அன்று கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, புதிதாகப் பாடம் நடத்தச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டார். “சார், யாரெல்லாம் சொந்தமா தொழில் தொடங்குவீங்கன்னு கேட்டா மொத்த கிளாஸும் கை தூக்குது. படிப்பு முடிஞ்சதும் எல்லாம் பெங்களூர் வண்டி ஏறிடுதுங்க. நடுவுல இன்னா ஆவுது சார்?”

நான் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். பதில் தெரியாமல் இல்லை. ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தொழில்முனைவு வகுப்புக்கு என்று உங்களுக்குக் கொடுத்திருக்கும் புத்தகத்தில் தைரியம் வேண்டும், முதல் வேண்டும், சந்தை வேண்டும் என்று போட்டிருக்கிறது. பொய் இல்லை. ஆனால் என்னிடம் படித்த தயாளனுக்கு அந்த மூன்றும் இருந்தன.

அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன், என் ஆரம்ப காலத்தில் எனக்கு மேலே இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. முதன்முறை வகுப்பு முழுக்கக் கை தூக்கியதைப் பார்த்து நான் பூரித்துப்போய் அவரிடம் ஓடினேன். அவர் அணைந்த பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: “கையப் பாக்காதடா. அது எந்த வூட்டுலேர்ந்து வருதுன்னு பாரு.” எரிச்சலாக இருந்தது. அவநம்பிக்கை பிடித்த மனிதர் என்று நினைத்தேன். இப்போது எனக்கும் அந்தப் பெயர்தான்.

அவர் சொன்னதன் ஒரு பாதி எனக்குச் சீக்கிரமே புரிந்தது. என்னிடம் படித்த ஒரு பையன் தன்னுடைய லைனிலேயே வயரிங் வேலை செய்ய ஆரம்பித்தான். லைன் என்பது தங்கச் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள் என்று வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு, ஆளுக்கு ஆள் உறவு. இரண்டு வீட்டில் வேலை செய்துவிட்டு மூன்றாவது வீட்டில் கூலி கேட்டான். அந்த வீட்டு அம்மாள் கோபப்படவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “இன்னாடா, நம்ம லைன் புள்ள நீ. பல்பு மாட்டினதுக்குக் கூலியா? ஒரு வாய் சாப்ட்டுப் போடா.”

அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பிறந்ததிலிருந்து பல்பு எரியவில்லை என்றால் கம்பெனி ஆள் வந்து மாட்டுவான், குழாய் ஒழுகினால் கம்பெனி ஆள் வருவான். மூன்று தலைமுறை அப்படி வாழ்ந்த ஊரில் கொடுக்கிறவருக்கும் பழக்கமில்லை, கேட்கிறவனுக்கும் வாய் வரவில்லை. பையன் சாப்பிட்டுவிட்டு வந்தான். தீபாவளிக்குள் வண்டி ஏறிவிட்டான்.

தயாளன் அந்தத் தப்பைச் செய்யவில்லை. லைனில் கடை போடவே இல்லை. பங்காருபேட்டை போகும் சாலையில், கிராமத்துக்காரர்கள் வந்துபோகிற இடமாகப் பார்த்துப் பிடித்தான். எரிந்த போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற, அதாவது உள்ளே செம்புக் கம்பியை மறுபடி சுற்றிக் கொடுக்கிற கடை. நம் பக்கத்து விவசாயி எல்லாரும் தக்காளிக்காரர்கள். தண்ணீர் ஆழத்துக்குப் போகப் போக மோட்டார் திணறி எரியும். மோட்டார் எரிந்தால் அவர்கள் கோலார் வரை தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். இதை அவன் படிக்கும்போதே கவனித்து வைத்திருந்தான். புத்தகம் சொல்கிற சந்தை அதுதான். அதோடு அவனுக்குத் தெலுங்கும் கன்னடமும் தமிழைப் போலவே வரும்.

முதல் கோடையில் ஒரு நாள் அவன் கடைக்குப் போயிருந்தேன். ஒரு பெரியவர் மோட்டாரைச் சாக்கில் சுற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தோட்டம் பூ பிடித்திருக்கிற நேரம், தண்ணீர் நின்றால் பூ கொட்டிவிடும் என்று தெலுங்கில் அழாத குறையாகச் சொன்னார். தயாளன் அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டுக் குனிந்தான். அதற்குள் வேறு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெரிய மனிதர், சத்தம் போட்டார். தயாளன் நிமிராமலேயே, “உங்க தோட்டத்துல பூ வந்துச்சாண்ணே?” என்று கேட்டான். அவருக்கு இன்னும் நாற்று நடவில்லை. “அப்போ இவருக்கு அப்பால உங்களுக்கு” என்றான். பெரிய மனிதர் முணுமுணுத்தபடி உட்கார்ந்தார்.

எதை முதலில் செய்வது, யாரைக் காக்கவைப்பது, எப்படிச் சொன்னால் ஆள் போகாமல் இருப்பார் என்பதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கே தெரியாது. அவனுக்கு அது தானாக வந்திருந்தது.

சில நாள் கழித்து அந்தப் பெரியவர் ஒரு பெட்டித் தக்காளியோடு வந்து, “தோட்ட பதிகிந்தி தம்முடூ” என்றாராம். தோட்டம் பிழைத்துவிட்டது தம்பி என்று அர்த்தம். தயாளன் தக்காளியை வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் அப்பா முனிரத்தினம் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “தக்காளி குடுக்கற வேலைய இப்பதான் பாக்கறேன். பிஎஃப் இன்னா, கத்திரிக்காயா?”

வீடே சிரித்தது என்று தயாளன் என்னிடம் சொன்னான். அவனும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நம் ஊரில் வேலைக்குப் போகிற ஆம்பளையைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, எங்கே வேலை என்பதில்லை. “இன்னா ஷிப்டு?” என்பதுதான். சுரங்கத்தில் சங்கு ஊதி ஆள் இறங்கிய காலத்துப் பழக்கம். சுரங்கம் மூடிய பிறகு பிறந்த பையன்களே வளர்ந்துவிட்டார்கள், கேள்வி மட்டும் மாறவில்லை. தயாளன் தெருவில் நடந்தால் குழாயடியில், டீக்கடையில், கோயில் வாசலில் எல்லாரும் கேட்பார்கள். “இன்னா தயாளா, இன்னா ஷிப்டு?” அவன் கடை வைத்திருப்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பார்கள். அவன் ஏதோ சொல்வான். “அப்படியா, சரி சரி. வேலை ஒண்ணு பாத்துக்கோ” என்பார்கள். நாளெல்லாம் குனிந்து முதுகு வலிக்க வேலை செய்துவிட்டு வருகிறவனிடம் வேலை பார்த்துக்கொள் என்பார்கள். அக்கறையோடுதான் சொல்வார்கள். அதனால்தான் அவனால் எதிர்த்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் முனிரத்தினம் எனக்குச் சொல்லி அனுப்பினார், பையனுக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமாம். அதே வாரம் தயாளன் வந்தான், அப்பாவுக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமாம். நான் யாரிடமும் பேசத் தெரியாதவன். இருந்தாலும் பையனுக்காக, முனிரத்தினம் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற காலை ரயில் வண்டியில் நானும் ஏறினேன். வேறு நேரத்தில் அவரைப் பிடிக்க முடியாது.

வண்டி புறப்படுகிற மாரிகுப்பத்தில் அது காலியாகத்தான் நிற்கும். ஆனால் காலி இடம் ஒன்றும் இருக்காது. உங்களில் தினம் போகாதவர்களுக்கு இது தெரியாது. எந்தப் பெட்டியில் எந்த பெஞ்சு யாருடையது என்பது பேசாமலே பேசி வைத்த கணக்கு. அப்பனுடைய இடம் மகனுக்கு. மகன் படித்து முடிக்கப் போகிறான் என்றால் அப்பன் பக்கத்து இடத்தில் துண்டு போட ஆரம்பித்துவிடுவான். கொஞ்ச நாள் போட்டால் அது மகனுடைய இடம். போடுவதை நிறுத்தினால் இடம் போய்விடும்.

முனிரத்தினத்தின் பக்கத்தில், ஜன்னல் ஓரம், ஒரு பச்சைத் துண்டு கிடந்தது. தயாளன் கடை திறந்து மாதங்கள் ஆகியும் அவர் நிறுத்தவில்லை. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து உதறினார்.

“வாங்க சார், உக்காருங்க. தயாளன் இடம்தான். இன்னைக்கு நீங்க உக்காருங்க.”

எதிர் பெஞ்சுக்காரர் சிரித்தார். “சார், பாத்து உக்காருங்க. மொதலாளி சீட்டு அது. மொதலாளி தக்காளி சாப்ட்டுக்கினு வூட்ல கீறாரு.”

“டேய், சும்மா இருடா” என்றார் முனிரத்தினம். முகம் சுருங்கிவிட்டது.

வண்டி கிளம்பியது. நான் சொல்ல வந்ததை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தேன். கடை நன்றாக நடக்கிறது, பையன் கெட்டிக்காரன், ஊரில் அவனைப் போல ஒருவன் இல்லை என்று. அவர் கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சார், மைன்ஸ் மூடின அன்னைக்கு எனக்கு இவன் இன்னும் பொறக்கல. கலியாணம் ஒண்டி ஆயிருந்துச்சு. எங்கப்பன் எறங்கின ஷாஃப்ட், எங்க தாத்தா எறங்கின ஷாஃப்ட். நாளைக்கு கேட் தொறக்காதுன்னான். எங்க போவே? கையில இன்னா தெரியும் எனக்கு? கல்லு ஒடைக்கத் தெரியும். மறுவாரம் இந்த வண்டில வந்து நின்னேன். தோ, இவன்தான்.” எதிர் பெஞ்சுக்காரரைக் காட்டினார். “இவன் நவுந்து எனக்கு எடம் குடுத்தான். ‘வா முனிரத்னம், உக்காரு’ன்னான். கம்பெனி போச்சு சார், இந்த எடம் போகல. எத்தினி கம்பெனி மாறிட்டேன், எடம் மாறல. எம்புள்ளைக்கு நான் வேற இன்னா எழுதி வெக்கப் போறேன்?”

எதிர் பெஞ்சுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இடம் நன்றாக இருந்தது. காற்று வந்தது. ஒருவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒன்று வைத்தார். வருகிறவர் எல்லாம் என் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார்கள். பேசத் தெரியாத எனக்கே அங்கே ஒரு இடம் இருந்தது. பங்காருபேட்டையில் இறங்கும்போது, கடையில் அவன் தனியாகக் குனிந்து உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. அங்கே அவனுக்குப் பக்கத்து பெஞ்சு இல்லை.

பாடம் நடத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். சொந்தத் தொழில் வை என்று நாம் சொல்லும்போது, அந்தப் பெட்டியை விட்டு இறங்கு என்றும் சேர்த்துச் சொல்கிறோம். இறங்குகிறவனுக்கு யார் துணை என்று புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

இதற்கு நடுவில் பெண் விஷயம் வந்தது. கடை வைப்பதற்கு முன் தயாளன் அப்ரெண்டிஸாகப் பெங்களூர் போய்வந்த காலத்தில் வண்டியில் பழக்கமான பெண், ரேவதி. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டு பக்கமும் சொந்தம்தான், ஜாதகமும் தடுக்கவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக முடிவானது. தயாளன் என்னிடம் வந்தான்.

“சார், அவங்க மாமா ஒருத்தர்தான் கடைன்னா யோசிக்கறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். கடை தப்பிச்சிரும்.”

கல்யாணம் நடந்துவிடும் என்று சொல்லவில்லை, கடை தப்பித்துவிடும் என்றான். பெண்ணுக்குக் கடையைப் பற்றிக் குறை இல்லை. மாமா சரி என்றால் கடையோடு கல்யாணம், இல்லை என்றால் கடையை விட்டுத்தான் கல்யாணம். அதை அவன் தெரிந்து வைத்திருந்தான். நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

பெண்ணின் தாய்மாமன் தன்மையான மனிதர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததும் கேட்டார்: “மாப்ள இன்னா ஷிப்டு?”

“ஷிப்டு இல்லீங்க மாமா. சொந்தக் கடை.”

“தெரியும்பா, சொன்னாங்க. எத்தினி மணிக்குப் போவே, எத்தினி மணிக்கு வருவே?”

“மோட்டார் வந்தா போவேன், முடிஞ்சா வருவேன்.”

பெண்ணின் அம்மா கவலையோடு கேட்டார். “மோட்டாரே வரலன்னா?”

“அத்தே, இந்த ஜில்லாவுல மோட்டார் எரியாத நாளே கெடையாது” என்றான் தயாளன். எல்லாரும் சிரித்தார்கள். ரேவதி தலையைக் குனிந்து சிரித்தாள். காரியம் ஜெயமாகிவிடும் என்று ஒரு நிமிடம் நானும் நம்பினேன்.

மாமா என் பக்கம் திரும்பினார். “சார்தானே வேலை கத்துக் குடுத்தது? பையன் எப்படி சார்?”

“என் கையில படிச்சவங்கள்ல இவனுக்கு இருக்கற கை யாருக்கும் இல்லைங்க. கடை நல்லா நடக்குது. நான் கண்ணால பாத்திருக்கேன். கிராமத்து ஜனம் இவனைத் தேடி வருது.” என் வாழ்நாளில் பத்துப் பேர் முன்னால் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

“சந்தோஷம் சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.” காபி டம்ளரைக் கீழே வைத்தார். “ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வேலை இவனுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும். நீங்க ஏன் சார் கடை வெக்கல?”

அதில் கிண்டல் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு மாணவன், ஒரு அதிகாரி, ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. தயாளன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அதை அப்போதுதான் முதன்முதலாக யோசிக்கிறான் என்று தெரிந்தது. சொல்லித்தருவதில்தான் எனக்கு ஆசை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். ஆனால் அந்த மனிதர் தன் தங்கை மகளின் வாழ்க்கையை வைத்துக்கொண்டு கேட்கிறார்.

“மாசம் பொறந்தா சம்பளம் வந்துக்கினு இருந்துச்சுங்க” என்றேன்.

மாமா தொடையில் தட்டினார். “அதான் சார்! நாங்க இன்னா கேக்கறோம்? அதைத்தான் கேக்கறோம்.”

வீடு முழுக்கச் சிரித்தது. யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. முனிரத்தினம் சிரித்துச் சிரித்து அந்தப் பச்சைத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தயாளனும் சிரித்தான். தக்காளிக் கதையைச் சொன்னபோது சிரித்தானே, அந்தச் சிரிப்பு இல்லை. முடிந்துவிட்டது என்று தெரிந்தவனுடைய சிரிப்பு.

வேறு மாதிரி சொல்லியிருந்தால் கடை பிழைத்திருக்குமா என்று வெகுநாள் யோசித்தேன். அன்று பிழைத்திருக்கும். அடுத்த மாதம் வேறு ஒருவர் வேறு ஒரு வீட்டில் கேட்டிருப்பார். நீங்கள் எல்லாரும் இந்த ஐடிஐக்கு ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். சம்பளம் வாங்குகிறவர்கள் நின்றுகொண்டு, சம்பளம் வேண்டாம் என்று பாடம் நடத்துகிறோம். பிள்ளைகள் காது எங்கே இருந்தாலும் கண் நம் மேல்தான் இருக்கிறது.

தயாளனுக்கு ஒயிட்ஃபீல்டில் ஒப்பந்த வேலை கிடைத்தது. கல்யாணம் நன்றாக நடந்தது. கடை இருந்த இடத்தில் இப்போது கோழி பக்கோடா போடுகிறார்கள். அந்தத் தக்காளிப் பெரியவர் ஒரு நாள் மோட்டாரோடு நம் ஐடிஐ வாசலுக்கே வந்துவிட்டார். தயாளன் எங்கே என்றார். பெங்களூர் என்றேன். “நீங்கதானே அவனுக்குச் சொல்லிக் குடுத்தது? நீங்களே கட்டிக் குடுங்க சாமி” என்று அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். வெளி வேலையை உள்ளே எடுக்க நமக்கு அனுமதி இல்லை. எடுத்தாலும் என் கண்ணுக்குக் கம்பி தெரியாது. அதைச் சொன்னேன். அவர் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோலார் பக்கம் போனார். பூ பிடித்திருந்ததா என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் கண் காட்டுவதற்காகப் பெங்களூர் போனேன். மாரிகுப்பத்தில் அதே பெட்டி. “சார், இங்க வாங்க!” என்று தயாளன் கூப்பிட்டான். முனிரத்தினம் வேலையை விட்டுவிட்டார். அப்பாவின் இடத்தில் இவன் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் தடித்திருந்தான், நன்றாக இருந்தான். பக்கத்தில் ஜன்னல் ஓரம் பச்சைத் துண்டு கிடந்தது. எடுத்து உதறி எனக்கு இடம் கொடுத்தான்.

“இது யாருக்குடா?” என்றேன்.

“எந் தம்பி சுதாகருக்கு சார். உங்க ஐடிஐலதான் சேந்துகீறான், எலெக்ட்ரிஷியன். முடிச்சதும் வந்துருவான்.”

“அவன் இன்னா சொல்றான்?”

“கடை வெக்கறானாம் சார்” என்றான் தயாளன். எதிர் பெஞ்சு சிரித்தது. இவனும் சிரித்தான். கெட்ட மனசு துளியும் இல்லை. இறங்கும் வரை அந்த இடத்தில்தான் உட்கார்ந்து போனேன்.

சுதாகர் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறான். ஒல்லியாக, மூன்றாவது பெஞ்சில். நீங்கள் கேட்டபோது முதலில் எழுந்த கை அவனுடையதாகத்தான் இருக்கும். அவனிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. உங்களிடம் ஏதாவது இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். இடம் போட்டாகிவிட்டது.